அஞ்சாறு வருஷம்

காந்தி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பதினான்கு வருடம் ஆகிறது. வேலூரில் இந்தப் பக்கம் கடை போட்டால் பாதி வியாபாரம் ஆஸ்பத்திரிக் காகிதம்தான். வங்காளத்திலிருந்து வருகிறவர்கள், ஜார்கண்டிலிருந்து வருகிறவர்கள், பக்கத்தில் சித்தூரிலிருந்து வருகிறவர்கள், எல்லோர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரி, பில், ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார், கேன்சல் செய்த செக். "தோ செட், பாய்யா" என்று நீட்டுவார்கள். எந்த இன்சூரன்ஸ் கம்பெனி எந்த ஃபார்மில் எங்கே கையெழுத்து கேட்கும் என்பது எனக்கு மனப்பாடம். ஃபார்ம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நானே நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் என் அம்மாவின் க்ளைம் தள்ளுபடியாகி லெட்டர் வந்தபோது, அதை மூன்று தடவை படித்தும் புரியாமல் நின்றேன்.

பாலிசி எடுத்த கதையிலிருந்து சொல்கிறேன். கோளாறு அங்கேதான் ஆரம்பம்.

2021 நவம்பர். கொரோனா இரண்டாவது அலை அடங்கி சில மாதம் ஆகியிருந்தது. அந்த வருஷம் எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் சாவு. அம்மாவுக்கு அப்போது 59 வயது. அறுபது தாண்டினால் பிரீமியம் ஏறிவிடும் என்று சொன்னார்கள். என்னோடு படித்தவனின் அண்ணன் ஒருவர் ஏஜென்ட். கையில் டேப்லெட்டோடு கடைக்கே வந்துவிட்டார். காலை பதினோரு மணி, கடையில் கூட்டம்.

"அம்மாவுக்கு சுகர், பிபி ஏதாவது கீதா தம்பி?"

"தெரிஞ்சு எதுவும் இல்லண்ணா."

"ஆபரேஷன்?"

மெஷினில் பேப்பர் சிக்கிக்கொண்டிருந்தது. "இல்ல" என்றேன். இருபது வருடம் முன்னால் அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தது அந்த நேரத்தில் நினைவுக்கே வரவில்லை. அதற்கு மேல் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. விரலால் இல்லை, இல்லை, இல்லை என்று தட்டிக்கொண்டே போனார். கடைசியில் என் போனுக்கு ஒரு ஓடிபி வந்தது. சத்தமாகப் படித்துச் சொன்னேன். அந்த ஆறு இலக்கம்தான் என் கையெழுத்து என்று எனக்கு அப்போது தெரியாது. மூன்று லட்சம் காப்பீடு, 11,600 ரூபாய் பிரீமியம். மெயிலில் 42 பக்கத்துக்குப் பாலிசி வந்தது. ஊருக்கெல்லாம் பிரின்ட் எடுத்துக் கொடுக்கிறவன், அந்த 42 பக்கத்தை எடுக்கவில்லை.

பாலிசி கைக்கு வந்ததும் அதைப் படித்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க ஒரு கெடு உண்டு. இப்போது அது 30 நாள். பாலிசியோடு நாம் சொன்னதாக அவர்கள் பதிந்த கேள்வி பதில்களும் வரும். அதை மட்டுமாவது அந்த 30 நாளுக்குள் படியுங்கள். தப்பாக இருந்தால் மெயில் போட்டுத் திருத்தச் சொல்லுங்கள். 2024 ஜனவரியிலிருந்து பாலிசியின் சாரத்தைச் சில பக்கத்தில் எளிமையாகத் தர வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ சொல்லியிருக்கிறது. கேட்டால் தமிழிலும் தர வேண்டும். யாரும் கேட்பதில்லை, அவர்களும் தருவதில்லை.

அம்மா இருப்பது குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில், தம்பி வீட்டில். தம்பிக்கு லுங்கித் தறி. 2022 பிப்ரவரியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு பெண் பிபி மெஷினோடு வீட்டுக்கு வந்தார். அம்மாவுக்கு 160க்கு 100. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினார்கள், மாத்திரை எழுதினார்கள், அதற்குப் பிறகு மாதா மாதம் மாத்திரை வீடு தேடி வந்தது. ஒரு அட்டையில் தேதி போட்டுக் குறித்துவிட்டுப் போவார்கள். அந்த அட்டையை அம்மா அரிசி டப்பாவுக்கு மேலே, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்.

2024 ஆகஸ்ட் 12, ராத்திரி ரெண்டு மணி. தம்பியிடமிருந்து போன். அம்மாவுக்கு வலது பக்கம் விலாவுக்குக் கீழே தாங்க முடியாத வலி, வாந்தி. காட்பாடி வழியாக காரில் இட்டாந்துவிட்டான். வேலூரில் ஆஸ்பத்திரி என்றால் எல்லோரும் ஒன்றைத்தான் நினைப்பார்கள். நாங்கள் போனது அது இல்லை, வேறொரு தனியார் மருத்துவமனை. கேஷுவல்டியில் ஒரு சின்ன வயது டாக்டர். எத்தனை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தாரோ, கண்ணெல்லாம் சிவப்பு. அம்மா கட்டிலில் துடிக்கிறார். டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்.

"பிபி மாத்திரை சாப்பிடறாங்களா? எவ்வளவு நாளா?"

கூட வந்திருந்த சின்னம்மா முந்திக்கொண்டார். "அது கீது சார், அஞ்சாறு வருஷமா."

எங்கள் பக்கம் அஞ்சாறு வருஷம் என்பது கணக்கு இல்லை. சின்னம்மாவுக்கு எல்லாமே அஞ்சாறு வருஷம்தான். அவர் வீட்டு ஃபிரிட்ஜ் வாங்கி பத்து வருடம் தாண்டியாயிற்று. அதுவும் அஞ்சாறு வருஷம். ரெண்டு வருடம் முன்னால் போட்ட சிமென்ட் ரோடும் அஞ்சாறு வருஷம். ஆனால் டாக்டர் என்ன செய்வார்? அவர் காதில் விழுந்ததைக் கேஸ் ஷீட்டில் எழுதினார்: ரத்தக்கொதிப்பு நோயாளி, 5 வருடமாக.

விடிந்ததும் ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் கல், வீக்கம். லேப்ராஸ்கோப்பியில் எடுத்துவிடலாம் என்றார்கள். பித்தப்பைக் கல்லுக்கு எங்கள் பாலிசியில் இரண்டு வருடக் காத்திருப்பு, அதாவது அதுவரை அதற்கு க்ளைம் கிடையாது. அது முடிந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. தைரியமாக இன்சூரன்ஸ் டெஸ்க்கில் கார்டைக் கொடுத்தேன். அங்கே இருந்த பெண் காலை 9.40க்கு, நாங்கள் கட்டாமல் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகக் கட்டும் கேஷ்லெஸுக்கு அனுமதி கேட்டு அனுப்பினார். மத்தியானம் கம்பெனியிலிருந்து ஒரு கேள்வி வந்தது: பிபிக்கு முதல் முதலில் டாக்டரைப் பார்த்த சீட்டு எங்கே? எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. பித்தப்பைக்கும் பிபிக்கும் என்ன சம்பந்தம்? மறுநாள் சாயங்காலம் நாலரை மணிக்கு வந்த பதில்: கேஷ்லெஸ் மறுக்கப்படுகிறது, பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோயை மறைத்திருக்கிறீர்கள்.

இதில் ஒரு விஷயம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 2024 மே 29ஆம் தேதி ஐஆர்டிஏஐ ஒரு சுற்றறிக்கை போட்டிருக்கிறது. கேஷ்லெஸ் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று ஆஸ்பத்திரி கடைசி பில் அனுப்பியதிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் அனுமதி வர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி ஆஸ்பத்திரி கூடுதல் பணம் கேட்டால் அதைக் கம்பெனிதான் கொடுக்க வேண்டும். ஜூலை 31க்குள் இதற்கான ஏற்பாடெல்லாம் முடித்திருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. நாங்கள் போனது ஆகஸ்ட் 12. ஒரு மணி நேரம் எங்கே, ஒன்றேகால் நாள் எங்கே. அன்றைக்கு எனக்கு இது தெரிந்திருந்தால் அந்த டெஸ்க்கில் நின்றே 155255க்குப் போன் போட்டிருப்பேன். அது ஐஆர்டிஏஐயின் புகார் எண். இப்போது கடைச் சுவரில் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்.

மனைவியின் நாலு பவுன் செயினை அடகு வைத்தோம். அறுவை நல்லபடியாக முடிந்தது. டாக்டர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மொத்த பில் 1,18,400 ரூபாய். பணத்தைக் கட்டிவிட்டு, அசல் பில்களோடு திருப்பிக் கேட்டு விண்ணப்பித்தேன். செப்டம்பர் கடைசியில் அதற்கும் அதே பதில், கொஞ்சம் கடுமையான ஆங்கிலத்தில்.

லெட்டரைக் கடையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற எல்லோரும் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். இந்தத் தெருவில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஒருவருக்கு இரண்டு லட்சத்தில் நாற்பதாயிரம் வெட்டு. ஒருவருக்கு, ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கவே தேவையில்லை, வெளிநோயாளியாகவே பார்த்திருக்கலாம் என்று பதில். இன்னொருவருக்குப் பாலிசியையே ரத்து செய்துவிட்டார்கள். "எல்ஐசி இருந்த காலத்துல இப்படியா?" என்றார் ஒரு பெரியவர். எல்ஐசி இப்போதும் இருக்கிறது, அது ஆயுள் காப்பீடு என்று சொல்லலாம் என்று பார்த்தேன், விட்டுவிட்டேன். எங்கள் ஊரில் எல்லா இன்சூரன்ஸுக்கும் பெயர் எல்ஐசிதான். அவர் சொன்னதில் உண்மையும் கொஞ்சம் உண்டு. 1972இல் சட்டம் போட்டு பொதுக் காப்பீட்டை அரசு எடுத்துக்கொண்டது, நூற்றுச் சொச்சம் கம்பெனிகளை நாலு கம்பெனியாக்கியது. 1999இல் மறுபடி சட்டம் போட்டுத் தனியாருக்குக் கதவைத் திறந்தார்கள். வெளிநாட்டு முதலீட்டை 26 சதவீதத்தில் ஆரம்பித்து, 2015இல் 49, 2021இல் 74 என்று ஏற்றிக்கொண்டே வந்தார்கள். அதற்காக அரசுக் கம்பெனி க்ளைமை உடனே கொடுத்துவிடும் என்று நினைக்காதீர்கள். அவர்களின் மறுப்புக் கடிதங்களையும் நான் நிறைய ஜெராக்ஸ் எடுத்திருக்கிறேன்.

சந்தேகம் வெறும் தெருப் பேச்சு இல்லை என்பதற்கு ஐஆர்டிஏஐயின் சொந்த ஆண்டறிக்கையே போதும். 2023-24இல் மருத்துவக் காப்பீட்டில் வந்த க்ளைம்கள் 1.17 லட்சம் கோடி ரூபாய். கொடுத்தது 83 ஆயிரம் கோடிச் சொச்சம், அதாவது நூற்றுக்கு 71. மீதியில் கொஞ்சம் நிலுவை, கொஞ்சம் வெட்டு, கொஞ்சம் தள்ளுபடி. வெட்டியது எல்லாமே அநியாயம் என்று சொல்ல மாட்டேன். போலி பில் போடுகிற ஆட்களையும், இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ரேட் சொல்கிற இடங்களையும் பார்க்கிறவன்தான் நான். ஆனாலும் 29 ரூபாய் எங்கேயோ நிற்கிறது, அது நிற்கும் இடம் பெரும்பாலும் அடகுக்கடை.

அந்த டிசம்பரில் நியூயார்க்கில் ஒரு பெரிய மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் தலைவரை நடுத்தெருவில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். செய்தியைப் போனில் காட்டி, "நல்லா வேணும்" என்று சிரித்தார் ஒரு வாடிக்கையாளர். நானும் அப்போது கொதித்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவின் க்ளைமைத் தள்ளியவர் முகம் எனக்குத் தெரியாது. அவரும் எங்கோ ஒரு மேஜையில், நாளைக்கு இத்தனை ஃபைல் என்று கணக்கு வைத்து உட்கார்ந்திருக்கும் சம்பளக்காரராகத்தான் இருப்பார். அவர் கண்ணில் பட்டது ஒரே ஒரு வரி. அந்த வரியைத்தான் உடைக்க வேண்டும் என்று தோன்றியது.

முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேஸ் ஷீட் முழுவதையும் நகல் கேட்டேன். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. கம்பெனி பார்ப்பது உள்ளே நர்ஸும் டாக்டரும் எழுதும் அந்தக் கட்டு முழுவதையும். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002 ஒழுங்குமுறை விதி. மூன்றாவது நாள் கிடைத்தது. அதில்தான் அந்த வரியை முதல் தடவை கண்ணால் பார்த்தேன். சின்னம்மாவிடம் காட்டினேன். "நான் இன்னா கணக்குப் புள்ளையா? சும்மா சொன்னத்த இவன் எழுதிக்கினானா?" என்று அழ ஆரம்பித்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தவே ஒரு மணி நேரம் ஆனது.

அந்த வரியை அடித்துத் திருத்தித் தரும்படி கேட்டேன். ரெக்கார்டு பிரிவில் முடியாது என்றார்கள். அப்போது கோபம் வந்தது, ஆனால் அவர்கள் சொன்னதுதான் சரி. திருத்தின கேஸ் ஷீட்டைக் கொண்டு போனால் கம்பெனிக்காரன் அதையே பிடித்துக்கொள்வான். அதற்குப் பதிலாக அறுவை செய்த டாக்டர் தன் லெட்டர்ஹெட்டில், பதிவு எண்ணோடு, தேதியோடு, ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்தார். நோய் எத்தனை காலமாக என்பதை நோயாளி சொல்லவில்லை, கூட வந்த உறவினர் தோராயமாகச் சொன்னது, அதற்கு ஆவணம் எதுவும் பார்க்கப்படவில்லை. கீழே இன்னொரு வரி: பித்தப்பைக் கல்லுக்கும் ரத்தக்கொதிப்புக்கும் தொடர்பு இல்லை. நாலு வரிக் கடிதம். அதற்காக இரண்டு நாள் அவர் அறை வாசலில் உட்கார்ந்தேன்.

அப்புறம் தம்பி வீட்டுக்குப் போய் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அந்த அட்டையை எடுத்தேன். ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. முதல் பதிவு 24.2.2022. பாலிசி 2021 நவம்பர். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் போய்ப் பார்த்தேன். அங்கே நோட்டிலும் அதே தேதி, புதிய நோயாளி என்று இருந்தது. அதற்கு ஒரு நகல் வாங்கி மருத்துவ அலுவலரின் முத்திரை வைத்துக்கொண்டேன். வருடம் பதினொன்றாயிரத்துச் சொச்சம் வாங்கின கம்பெனியிடம் என் அம்மாவுக்காகச் சாட்சி சொல்ல வந்தது, ஒரு பைசா வாங்காமல் வீட்டுக்கு வந்து கையில் பட்டி சுற்றிவிட்டுப் போன பெண்ணின் பேனா.

இதையெல்லாம் சேர்த்துக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பினேன். கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டேன், இதை எல்லோரும் கேட்கலாம். அதே 2024 சுற்றறிக்கைப்படி, மூன்று பேர் கொண்ட ஒரு மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்த க்ளைமையும் தள்ளக் கூடாது. என் க்ளைமை அந்தக் குழு எந்தத் தேதியில் பார்த்தது? பதில் பத்து நாளில் வந்தது. முந்தைய கடிதத்தின் அதே பத்தி, தேதி மட்டும் புதுசு. என் கேள்விக்குப் பதில் இல்லை. அதே புகாரை ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா இணையதளத்திலும் பதிந்தேன். அங்கேயும் கம்பெனி அந்தப் பத்தியையே ஒட்டியது.

சரி, ஆம்புட்ஸ்மேன். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் என்று தமிழில் சொல்வார்கள். நமக்கு சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவே கூடாது, 50 லட்சம் வரை கேட்கலாம். கம்பெனிக்கு முதலில் எழுதியிருக்க வேண்டும். அவர்கள் மறுத்தாலோ, ஒரு மாதம் பதில் வராவிட்டாலோ இங்கே வரலாம். ஆனால் மறுத்து ஒரு வருடத்துக்குள் வந்துவிட வேண்டும். கன்ஸ்யூமர் கோர்ட்டில் ஏற்கெனவே வழக்கு போட்டிருந்தால் இங்கே எடுக்க மாட்டார்கள். அவர் தரும் உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். நமக்குப் பிடிக்காவிட்டால் நாம் கோர்ட்டுக்குப் போகலாம். என் கடைக்கு வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எனக்கும் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் சொல்லித்தான் தெரியும்.

டிசம்பரில் அனுப்பினேன், மார்ச்சில் விசாரணை, வீடியோவில். கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேசினேன். கம்பெனி சார்பில் ஒரு பெண் வந்தார். கேஸ் ஷீட் வரியைப் படித்தார். நான் அட்டையின் தேதியைச் சொன்னேன். அஞ்சாறு வருஷம் என்று தமிழில் சொன்னால் என்ன அர்த்தம் என்று விளக்கப் பார்த்தேன், தேவையே இருக்கவில்லை. எதிரில் இருந்த ஆம்புட்ஸ்மேன் லேசாகச் சிரித்துவிட்டு, கம்பெனிப் பெண்ணிடம் ஒன்றுதான் கேட்டார்: 2021 நவம்பருக்கு முந்தைய மாத்திரைச் சீட்டு, ஒரு லேப் ரிப்போர்ட், ஏதாவது உங்களிடம் இருக்கிறதா? இல்லை. மறுஆய்வுக் குழு பார்த்த தேதி? அதுவும் கையில் இல்லை.

அதற்குப் பிறகுதான் இன்னொரு பாடம் காத்திருந்தது. க்ளைம் கொடுக்கலாம் என்றால்கூட முழுதும் கிடைக்காது என்றார் அந்தப் பெண், ரூம் வாடகை வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். எங்கள் பாலிசியில் ரூமுக்கு நாளொன்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது 3,000 ரூபாய். தம்பி, அம்மா ஆசுவாசமாகப் படுக்கட்டும் என்று 4,500 ரூபாய் ஏசி ரூம் எடுத்திருந்தான். இரண்டு பேர் ரூம் 2,800க்குக் காலியாகவே இருந்தது. வித்தியாசம் 1,500தானே, நாலு நாளைக்கு ஆறாயிரம் போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கணக்கு அப்படிப் போவதில்லை. மூவாயிரம் என்பது நாலாயிரத்து ஐந்நூறில் மூன்றில் இரண்டு பங்கு. அதனால் டாக்டர் ஃபீஸ், மயக்க மருந்து டாக்டர், ஆபரேஷன் தியேட்டர் என்று வந்த 54,000 ரூபாயையும் மூன்றில் இரண்டாக வெட்டி 36,000 ஆக்கினார்கள். மாத்திரை, மருந்து, டெஸ்ட் 40,700 ரூபாயையும் அதே மாதிரி வெட்டக் கணக்கு கொடுத்தார். அதை மட்டும் நான் விடவில்லை. மருந்துக்கும், உள்ளே வைக்கும் கருவிக்கும், பரிசோதனைக்கும் இந்த விகித வெட்டு கூடாது என்று ஐஆர்டிஏஐ 2020லேயே சொல்லிவிட்டது. எங்கள் பாலிசியிலும் 17ஆம் பக்கத்தில் அப்படியே இருந்தது. அந்த 42 பக்கத்தையும் அதற்குள் பிரின்ட் எடுத்துப் படித்திருந்தேன். அதில் பதிமூன்றரை ஆயிரம் தப்பியது. கிளவுஸ், பஞ்சு, பதிவுக் கட்டணம் என்று 5,700 ரூபாய் எப்படியும் வராது. கடைசியில் உத்தரவான தொகை 88,700. ஏப்ரலில் உத்தரவு, மே மாதம் பணம் வங்கிக்கு வந்தது. ஒன்பது மாத நகைக் கடன் வட்டி என் கணக்கில்.

ஆஸ்பத்திரியில் சேரும் பரபரப்பில் எல்லாம் ஞாபகம் இருக்காது. ரூம் வரம்பு எவ்வளவு என்ற ஒரே ஒரு எண்ணையாவது கார்டின் பின்பக்கம் பேனாவால் எழுதி வையுங்கள். என் கடையில் கார்டை லேமினேட் செய்ய வருகிறவர்களுக்கு நானே கேட்டு எழுதிக் கொடுக்கிறேன். பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. போன் போட்டு ஏஜென்ட்டைக் கேட்கிறார்கள், ஏஜென்ட்டுக்கும் தெரிவதில்லை.

விசாரணை முடிந்த கையோடு நானே கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டேன். அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்ததைப் பாலிசியில் பதிந்துகொள்ளச் சொல்லி. "ஜெயிச்ச நேரத்துல ஏன்டா நீயே போய் மாட்டிக்கிற?" என்றான் தம்பி. அவர்கள் மறைத்தாய் என்று சொன்னது பொய். ஆனால் நான் மறந்தது நிஜம்தானே. ஐந்து வருடம் விடாமல் புதுப்பித்துவிட்டால் பழைய நோயைச் சொல்லவில்லை என்று தள்ள முடியாது, மோசடி என்று நிரூபித்தால் ஒழிய. முன்பு எட்டு வருடமாக இருந்தது, 2024இல் ஐந்தாகக் குறைத்தார்கள். முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்பையும் நாலு வருடத்திலிருந்து மூன்றாக்கினார்கள். அந்த ஐந்து வருடம் முடியும்வரை மடியில் கனத்தோடு இருக்க எனக்கு இஷ்டமில்லை. கம்பெனி பதிந்துகொண்டது. அதற்காக ஒரு ரூபாயும் ஏற்றவில்லை.

கடையில் இன்னும் வாதம் ஓயவில்லை. வாத்தியார் கட்சி: கம்பெனியே கூடாது, அந்தக் காசை அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியில் கொட்டு, பெட் கூடும், டாக்டர் கூடும். ராணிப்பேட்டை தோல் ஷாப்பில் சூப்பர்வைசராக இருக்கும் ஒருவர் வேறு கதை சொல்வார். அவருக்கு ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு இருந்தது. அவர் சம்பளத்தில் முக்கால் சதவீதம், முதலாளி பங்கு மூன்றேகால் சதவீதம், குடும்பத்துக்கே வைத்தியம். சம்பளம் 21,000ஐத் தாண்டியது, ஈஎஸ்ஐ போயிற்று. "இன்க்ரிமென்ட் கொடுத்து ஆஸ்பத்திரிய புடுங்கிக்கினாங்க" என்பார். இப்போது தனியார் பாலிசிக்கு அந்த இன்க்ரிமென்டுக்கு மேலே கட்டுகிறார். அமெரிக்காவில் மகன் இருக்கும் இன்னொருவர், அங்கே 2010இல் சட்டம் போட்டு, 2014லிருந்து பழைய நோயைக் காரணம் காட்டிப் பாலிசி மறுக்கவே கூடாது என்று ஆக்கிவிட்டார்கள் என்று பெருமையாகச் சொன்னார். அப்படியும் அங்கே சண்டை ஓயவில்லையே என்று வாத்தியார் மடக்கினார்.

நான் வாத்தியார் பக்கம்தான் பாதி சாய்வேன். ஆனால் எங்கள் குடும்பத்துக்கே முதல்வர் காப்பீட்டு அட்டை வாங்கியிருக்கலாம் என்பது அடகு வைத்து முடித்த பிறகுதான் உறைத்தது. அம்மாவின் பெயர் தம்பியின் ரேஷன் கார்டில் இருக்கிறது. தம்பியின் வருட வருமானம் 1,20,000க்குள்தான். விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு, ரேஷன் கார்டு, ஆதாரோடு சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசுக்குப் போனால் அங்கேயே பதிந்து கொடுக்கிறார்கள். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. அதற்குள் வரும் சிகிச்சையும், எடுத்துக்கொள்ளும் ஆஸ்பத்திரியும் பட்டியலில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 2009இல் கலைஞர் காப்பீடாக ஆரம்பித்து, 2012இல் இப்போதைய உருவத்துக்கு வந்த திட்டம். அன்றிலிருந்து பார்க்கிறேன், தனக்கு அது பொருந்தும் என்று தெரியாமலே தனியாருக்குக் கட்டிக்கொண்டிருக்கிறவர்கள் ஏராளம். தம்பி இப்போது வாங்கிவிட்டான். தனியார் பாலிசியையும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஓடிய வருடமெல்லாம் வீண், காத்திருப்பு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். கம்பெனி பிடிக்காவிட்டால், ஓடிய வருடம் வீணாகாமல் வேறு கம்பெனிக்கு மாறும் போர்ட்டிங் செய்துகொள்ளலாம். புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாளாவது முன்னால் கேட்க வேண்டும். 2025 செப்டம்பர் 22லிருந்து தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி போய்விட்டது. மூத்த குடிமக்களுக்குப் பிரீமியத்தை வருடத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமென்றால் ஐஆர்டிஏஐயிடம் முன்கூட்டியே கலந்து பேச வேண்டும் என்றும் அந்த வருடம் உத்தரவு வந்தது. அதனால் கடந்த நவம்பரில் புதுப்பிக்கும்போது முதல் தடவையாகப் பயந்த அளவுக்கு வரவில்லை.

போன மாதம் அம்மாவுக்கு முட்டி வலி. காட்ட வேலூருக்கு வந்திருந்தார், சின்னம்மாவும் கூடவே. நர்ஸ் ரத்தக்கொதிப்பு பார்த்துவிட்டு, நோட்டைப் புரட்டி, "பிபி எவ்வளவு வருஷமா?" என்று கேட்டார். சின்னம்மா வாயைத் திறந்தார். அம்மா அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளிவிட்டு, நர்ஸைப் பார்த்துச் சொன்னார்:

"எழுதிக்கோம்மா. ரெண்டாயிரத்தி இருபத்திரெண்டு, மாசி மாசம், பன்னெண்டாந்தேதி."